அதே கார்தான்

காலை ஏழரைக்குக் கார் சாவியை எடுக்கும்போது பெரியம்மா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "வா, நம்ம பழைய கார்ல போலாம்." டாரியஸ் அண்ணன் அதைக் கேட்ட பிறகுதான் காலணியை மாட்டுவார். முன்பு பெரியப்பா சொல்வார், இப்போது பெரியம்மா; பத்து வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

பெரியம்மாவின் பெயர் பிலோமினம்மாள். என் அம்மாவின் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. அறுபது பிள்ளைகளில் யாருக்கு முட்டை ஆகாது, யார் கேரட்டைப் பொறுக்கி ஓரம் வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாரிடமும் எதையும் இரண்டு முறை கேட்க மாட்டார். அலுவலகங்களில் முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். பிறகு மின்தூக்கியில் நிற்கும்போதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவருக்கு ஞாபகம் வரும்.

டாரியஸ் அண்ணன் அவருடைய ஒரே மகன். முப்பது வயது. ஆட்டிசம் உண்டு. ஜூரோங்கில் பெரியவர்களுக்கான ஒரு பகல்நேர நிலையத்தில் பொருள்களை எண்ணிப் பையில் போடும் வேலை செய்கிறார். அவர் எண்ணினால் தவறாது. ஆனால் பேருந்தில் ஏற மாட்டார், ரயிலில் ஏற மாட்டார், டாக்சியின் கதவைத் திறந்தாலே தரையில் படுத்துக்கொள்வார். அவர் ஏறும் வண்டி உலகத்தில் ஒன்றுதான். வெள்ளி நிறக் கார், எண் 4170. ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டின் நான்கு எண்களையும் விரலால் தொடுவார். பிறகு பின் இருக்கையில் இடது பக்கம்.

நிலையத்துக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கொவிட் காலத்தில் அது இரண்டு மாதம் மூடியிருந்தபோது அவர் தன் வலது கையைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார். தழும்பு இன்னும் இருக்கிறது.

உண்மையில் 4170 என்ற எண்ணில் இரண்டு கார்கள் இருந்திருக்கின்றன.

முதல் கார் வந்தது 2005-ல். சிங்கப்பூரில் ஒரு காரை வைத்திருக்கும் உரிமம் பத்து வருடத்துக்குத்தான். முடிந்ததும் பெரும்பாலானோர் காரைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். அந்த நாள் நெருங்கியபோது பெரியப்பா அற்புதராஜ் ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை என்று பெரியம்மா சொல்வார். கப்பல் பட்டறை ஒன்றின் கிடங்கில் கணக்கராக இருந்தவர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். பழைய எண்ணைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ள இங்கே அனுமதி உண்டு. ராசி என்று சிலர் அப்படிச் செய்வார்கள். பெரியப்பா டாரியஸ் அண்ணனுக்காகச் செய்தார். அதே மாடல், அதே வெள்ளி நிறம் என்று தேடித் தேடி, ஒரு சிறு வியாபாரி நேரடியாக ஜப்பானிலிருந்து இறக்கி, இங்கே நான்கு வருடம் ஓடியிருந்த காரைக் கண்டுபிடித்தார். ஒரு நாள் காலையில் பழைய காரில் மகனைக் கொண்டுபோய் விட்டவர், மாலையில் அதே எண் பொருத்திய மற்றொரு காரில் போய் அழைத்து வந்தார். சீட் உறைகள், கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை, டாஷ்போர்டு முன்பெட்டியில் இருந்த பில்கள் அடங்கிய பிளாஸ்டிக் கோப்பு, எல்லாவற்றையும் அப்படியே இடம் மாற்றியிருந்தார். டாரியஸ் அண்ணன் எண்களைத் தொட்டார். உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தார். ஒரு நிமிடம் கழித்து "ஓகே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் இரண்டாவது கார் என்று ஒன்று இருப்பதாகப் பேசுவதில்லை. டாரியஸ் அண்ணன் இல்லாத இடத்திலும் பேசுவதில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. என்னிடமும் ஒரே ஒரு முறைதான் சொன்னார்கள்.

பெரியப்பா இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார். பெரியம்மாவிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது, ஆனால் இருபது வருடமாக ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பயிற்சிப் பள்ளியில் ஆறு வகுப்பு எடுத்துக்கொண்டார். துக்கம் முடிந்த மூன்றாவது வாரம், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, மகனை ஜூரோங்குக்குக் கொண்டுபோய் விட்டார்.

இந்த வருடம் செப்டம்பரில் காரின் வருடாந்தரச் சோதனைக்குக் கடிதம் வந்தது. இருபத்து நான்காம் தேதிக்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் சாலை வரி கட்ட முடியாது. வரி இல்லாமல் காரை எடுக்க முடியாது.

அதற்கு முன்பே பிரேக்கை மிதித்தால் தட்டு உரசுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பெரியப்பாவின் மெக்கானிக் ஓய்வு பெற்றுவிட்டதால், தேவாலயத்தில் யாரோ சொன்ன தனசேகரன் என்பவரின் பட்டறைக்கு முதல் சனிக்கிழமை போனோம். பெரியம்மாவுக்கு அன்று விடுமுறை. நிலையமும் அன்று இல்லை என்பதால் டாரியஸ் அண்ணனும் வருவார். அவரைக் கவனித்துக்கொள்ள நானும் போனேன்.

தனசேகரன் முன் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் என்கிற இரும்புத் தட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டினார். விளிம்பில் நகம் தடுக்கியது.

"பாருங்க அக்கா, தேஞ்சு பள்ளமாயிடுச்சு. கடைஞ்சு சரி பண்ற அளவுக்குக்கூட இல்ல. டிஸ்க், பேட் ரெண்டும் மாத்தணும். இப்படியே போனீங்கன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல கண்டிப்பா ஃபெயில். எந்த வருஷ கார் இது?"

பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் நம்பர் பிளேட் பக்கத்தில் நின்ற டாரியஸ் அண்ணன் சொன்னார்: "ஃபோர்ட்டீன் மார்ச் டூ தௌசண்ட் ஃபைவ். மண்டே."

"இருபது வருஷமா? பாத்தா தெரியலயே. என்னைவிட நல்லா இருக்கு" என்று தனசேகரன் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தார். மறுக்கவில்லை.

ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள ஷாசி எண்ணை எடுத்துத் தானே ஆர்டர் செய்துவிடுவதாகத் தனசேகரன் சொன்னார். பெரியம்மா வேண்டாம் என்றார். முன்பெட்டியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கோப்பை எடுத்தார். அதில் பெரும்பாலான பில்களில் 'பிரேக் வேலை', 'எண்ணெய்' என்று மட்டும்தான் இருந்தது. ஒன்றில் மட்டும் பாகத்தின் எண்ணே எழுதியிருந்தது. முன் டிஸ்க் இரண்டு, அதை அழுத்தும் பேட் ஒரு செட். மேலே 4170. ஓரத்தில் பெரியப்பாவின் கையெழுத்தில் 'நல்ல சாமான்' என்று ஒரு குறிப்பு. அந்த எழுத்தைப் பார்த்ததும் பெரியம்மாவின் முகமே மாறிவிட்டது. ரொம்ப நாள் கழித்து அவருக்கு யாரோ வழி சொன்னது போல இருந்தது. பில்லின் தேதியை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்த பில் போட்ட உதிரிபாகக் கடை ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஜாலான் புசார் பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் எண்கள். டாரியஸ் அண்ணனுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. ஓர் அலமாரியின் முன் நின்று வரிசையாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் அப்துல் மஜீது பில்லை வாங்கிப் பார்த்து, எழுத்து தன்னுடையதுதான் என்றார். பெரியப்பாவை ராஜ் என்று சொல்லி, எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவர் இறந்துபோனதைப் பெரியம்மா சொன்னார். மஜீது உள்ளே போய், அதே எண் போட்ட பெட்டிகளைக் கொண்டுவந்து, தூசியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் பெரியம்மா காரில் ஒரு பாட்டை முணுமுணுத்தார். பெரியப்பா இறந்த பிறகு நான் அதைக் கேட்டது அன்றுதான்.

இரண்டாவது சனிக்கிழமை தனசேகரன் பெட்டியைப் பிரித்துத் தட்டை எடுத்துப் பொருத்தினார். அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அதன் மேல் உட்காரவில்லை. புதிய தட்டு பழையதைவிட ஒரு விரல் அகலம் பெரியதாக இருந்தது. பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, எக்ஸ்பிரஸ்வே பக்கம் போகாமல் மெதுவாக ஓட்டச் சொன்னார். நாங்கள் மறுபடியும் ஜாலான் புசாருக்குப் போனோம்.

மஜீது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வேறு சாமானை மாற்றி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, வேறு கம்பெனி சாமான் தருகிறேன் என்றார். ஏணியில் ஏறப் போனவர் நின்று கேட்டார். "அதே கார்தானேம்மா? இடையில மாத்தலயே?"

டாரியஸ் அண்ணன் பெரியம்மாவின் தோளை ஒட்டி நின்றிருந்தார்.

"அதே கார்தான் பாய்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. பெரியம்மா பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தினமும் காலை ஏழரைக்குச் சொல்வதைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. மாடல் ஒன்றுதானே, சாமானும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை இருபதாம் தேதி. அந்தத் தட்டும் அதே அளவில்தான் இருந்தது. தனசேகரன் கோபப்படவில்லை. பானட்டைத் திறந்து உள்ளே பதித்திருந்த ஷாசி எண்ணை ஒரு துண்டு அட்டையில் எழுதினார்.

"அன்னைக்கே சொன்னேன்லக்கா. இத பாய்கிட்ட குடுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க, இத மட்டும் குடுங்க."

மஜீது அந்த எண்ணைக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். பில்லின் தேதியில் விரலை வைத்தார். 2013. "ஏம்மா, இந்த பில்லு போட்ட கார் இது இல்லயே. இது வேற..."

பெரியம்மா கையை உயர்த்தினார். போக்குவரத்தை நிறுத்துவது போல. மஜீது நிறுத்திக்கொண்டார்.

டாரியஸ் அண்ணனைச் சற்று வெளியே அழைத்துப் போகும்படி பெரியம்மா எனக்குக் கண் காட்டினார். நான் அவருடைய முழங்கையைத் தொட்டேன். அவர் அலமாரியைவிட்டு நகரவில்லை. இன்னும் நான்கு வரிசை மிச்சம் இருந்தது. பெரியம்மா கல்லாவில் இருந்த பேனாவை எடுத்து, பில்லைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் தமிழில் எழுதினார். டாரியஸ் அண்ணனுக்கு ஆங்கிலம்தான் வாசிக்கத் தெரியும்.

'இது வேறு கார். 2015-ல் வாங்கியது. மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஏற மாட்டான்.'

மஜீது படித்தார். அலமாரி முன் நின்றவரை ஒரு முறை பார்த்தார். பிறகு அவரும் பேனாவை வாங்கி, கீழே எழுதினார். 'ஜப்பான் இறக்குமதி. அளவு வேறு. கையில் இல்லை. வரவழைக்க 3 வாரம்.'

'24-க்குள் வேண்டும்' என்று பெரியம்மா எழுதினார்.

மஜீது தலையை ஆட்டிவிட்டு எழுதினார். 'வழியில்லை.'

'பழைய சாமான்?'

'இந்த வகை இங்கே கொஞ்சம்தான் வந்தது. எல்லாம் கழித்துவிட்டார்கள்.'

இரண்டு பேரும் கல்லாவின் இரு பக்கமும் நின்று பள்ளிப் பிள்ளைகள் போல ஒரே தாளைத் தள்ளித் தள்ளி எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. டாரியஸ் அண்ணன் அலமாரியை முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் கை நீண்டு தாளை எடுத்துக்கொண்டது.

தமிழ் அவருக்கு வெறும் கோடுகள். எண்களைத் தேடினார். பெரியம்மாவின் கை கல்லாவின் மேல் அப்படியே இருந்தது.

"ராங்" என்றார் டாரியஸ் அண்ணன். பேனாவை எடுத்தார். 2015-ல் இருந்த ஒன்றைச் சுழித்துப் பூஜ்யமாக்கினார். பக்கத்தில் 'மண்டே' என்று ஆங்கிலத்தில் எழுதித் தாளைத் திருப்பித் தந்தார்.

 மஜீது தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கரெக்ட் தம்பி. நாந்தான் தப்பா எழுதிட்டேன். டூ தௌசண்ட் ஃபைவ்."

சரியான சாமானுக்கு அன்றே ஆர்டர் கொடுத்தார். முதலில் கொடுத்த இரண்டு செட்டையும் எதுவும் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மீதி இருந்த நாட்களில் பெரியம்மா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தார். சோதனைத் தேதியை மூன்று வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று போக்குவரத்து அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டார். முடியாது என்று எதிர்முனையில் இருந்த பெண் பணிவாகவே சொன்னார். பெரியம்மா நன்றி சொன்னார். வைத்த பிறகு, தான் காரணத்தைச் சொல்லவே இல்லையே என்று என்னிடம் சொன்னார். அவர் மறுபடி கூப்பிடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னேன். பதில் மாறவில்லை. திங்கட்கிழமை நிலையத்தின் வேன் வீட்டுக்குக் கீழே வந்து நின்றது. டாரியஸ் அண்ணன் அதன் எண்ணைப் பார்த்தார், தூண் பக்கம் போய் அதைக் கட்டிக்கொண்டார். இரண்டு ஊழியர்கள் இருபது நிமிடம் பேசிப் பார்த்தார்கள். உள்ளே மற்றவர்கள் காத்திருந்தார்கள். வேன் கிளம்பியது. பெரியம்மா அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் காரிலேயே கொண்டுபோய் விட்டார். உள்சாலைகள் வழியாக, நாற்பதைத் தாண்டாமல், முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடையே ஒரு பேருந்து நிற்கும் அளவுக்கு இடம் விட்டு.

செவ்வாய்க்கிழமை மாலை தனசேகரனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். அவரிடம் வாடகைக்கு வெள்ளி நிறத்தில் ஒரு கார் இருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "சேகர், நம்ம நம்பர் பிளேட்ட மூணு வாரத்துக்கு அதுல மாட்டிக்கலாமா?"

அந்தப் பக்கம் தனசேகரன் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, ரெண்டு பேரையும் உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க லா." பெரியம்மா பதில் சொல்லாமல் இருந்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. "அக்கா, நெஜமாவே கேக்கிறீங்களா?"

"இல்ல தம்பி. சும்மா கேட்டேன்."

சிவப்பு விளக்கில் வெள்ளைக் கோட்டைத் தொடாமல் நிறுத்துகிறவர் பெரியம்மா. போனைக் கீழே வைத்துவிட்டு, எதுவும் சிந்தியிராத மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா செய்ததும் இதுதானே, அவர் மட்டும் எப்படிச் செய்தார் என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு ஆறு மாதம் இருந்தது என்றேன். அடுத்த வருடக் கடைசியில் இந்தக் காரின் உரிமமும் முடிகிறது. ஏற்கெனவே ஒரு முறை ஐந்து வருடம் நீட்டித்தாகிவிட்டது, மறுமுறை நீட்டிக்க வழியில்லை. இந்த மாடலை இப்போது யாரும் தயாரிப்பதும் இல்லை. அதையெல்லாம் அன்று நாங்கள் பேசவில்லை.

இருபத்து ஐந்தாம் தேதி வியாழக்கிழமை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். பெரியம்மாவும் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஏழரை மணிக்கு டாரியஸ் அண்ணன் பையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றார். இன்று போகவில்லை, கார் ரிப்பேர் என்று பெரியம்மா முந்தின இரவு இரண்டு முறையும் காலையில் ஒரு முறையும் சொல்லியிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தார். ஏழு நாற்பதுக்கு வலது கை வாய்ப் பக்கம் போனது.

பெரியம்மா சாவியை எடுத்தார். "வா, நம்ம பழைய கார்ல போலாம்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பல மாடிக் கார் நிறுத்தத்தின் நான்காவது தளத்தில் அது நின்றது. டாரியஸ் அண்ணன் நான்கு, ஒன்று, ஏழு, பூஜ்யம் என்று தொட்டார். பின்னால் இடது பக்கம் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பெரியம்மா ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். சாவி அவர் மடியில் இருந்தது. முன்கதவுகளைச் சற்றுத் திறந்து வைத்தோம். யாரோ ஒருவர் தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்.

 பிறகு பின்னாலிருந்து டாரியஸ் அண்ணனின் குரல் வந்தது. "கேன்ட்ரி. லெஃப்ட்." கார் நிறுத்தத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் இருக்கும் தடுப்பு அது. சற்று நேரம் கழித்து, "டிராஃபிக் லைட். ரெட்." பெரியம்மாவின் வலது கால் பிரேக்கை மிதித்தது. அதை நான் பார்த்தேன். "கிரீன்." காலை எடுத்தார். பெட்ரோல் நிலையம், பள்ளிக்கூடம், மேம்பாலம், உள்சாலையில் இருக்கும் ஏழு விளக்குகள் என்று ஒவ்வொன்றையும் அதற்கு உரிய நேரத்தில் சொன்னார். பெரியம்மா ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஸ்டியரிங்கின் மேல் கையை நகர்த்தினார். ஸ்டியரிங் பூட்டியிருந்தது.

முப்பத்து ஐந்து நிமிடத்தில் "ரீச்டு" என்றார் டாரியஸ் அண்ணன். பெல்ட்டைக் கழற்றினார், பையை எடுத்தார், கதவைத் திறந்து இறங்கினார்.

எதிரே கான்கிரீட் சுவர். சிவப்பு நிறத்தில் '4B'. அவர் அதைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பெரியம்மா இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். நானும் சொல்லியிருக்கலாம்.

டாரியஸ் அண்ணன் காரின் முன்பக்கம் வந்தார். குனிந்து, எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். எல்லாம் சரியாகவே இருந்தன. பூஜ்யத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு திரும்ப வந்து ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

மஜீது சொன்ன நாளுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

"கேன்ட்ரி" என்றார் பின்னாலிருந்து. "லெஃப்ட்."

பெரியம்மா கையை இடது பக்கம் நகர்த்தினார்.